இலுப்பையடி நெஞ்சுவலி

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபதாஸ் பேசப் பேச, ஞானசிங்கின் வலது கை தானாகவே இடது மார்புக்குப் போயிற்று. உள்ளே துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நேற்றிருந்த தெம்பு இன்றைக்கு இல்லாததுபோல் அவனுக்குப் பட்டது.

"பத்து வருஷத்துக்கு முந்தி நெஞ்சுவலின்னு இந்த ஆஸ்பத்திரியில வந்து படுத்தவன் அபூர்வம்," என்றார் டாக்டர். "காலராவும் மலைக்காய்ச்சலும் அதுக்கு முந்தியே ஆளைக் கொண்டு போயிரும். இப்போ அதெல்லாம் அடங்கிட்டு வருது. மனுஷன் கூடக் கொஞ்ச காலம் இருக்கான், இதயம் சண்டித்தனம் பண்ணுது. சென்னை, பம்பாய், திருவனந்தபுரம், எந்த டாக்டரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுகான். வருஷா வருஷம் இதயத்தால சாகிறவங்க கூடுகாங்க. கூடவே ஆஸ்பத்திரியில வந்து படுக்கிறவங்களும் கூடுகாங்க. ரெண்டும் ஒரே நுகத்துல பூட்டின காளை மாதிரி சேர்ந்துதான் நடக்கும்."

"சேர்ந்து நடக்காத ஊர் ஒண்ணு இருக்கு. அதுக்குத்தானே எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் கணபதியப்பன்.

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்தி வந்தார் கணபதியப்பன். சப் இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வந்தவர். அவருக்கு உதவியாள் ஞானசிங். மார்த்தாண்டத்துக்காரன். வாயை மூடத் தெரியாது என்பதைத் தவிர அவனிடம் வேறு குறை கிடையாது.

"இலுப்பையடி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்துல," டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணரை வருஷமா அங்கே ஆளுங்க நெஞ்சடைச்சுச் சாகுதாங்க. சுத்துப்பட்டு ஊர்ல எங்கயும் இப்படிக் கூடல்லே. தோவாளையில இருந்து நோயாளியைக் கட்டிலோட தூக்கிட்டு வாறாங்க. மண்டைக்காட்டுல இருந்து மாட்டு வண்டியில வாறாங்க. இலுப்பையடிக்கு பஸ் உண்டு, பண்ணையார் வீட்டுக் காரும் உண்டு. ஆனா அங்கேயிருந்து ஒருத்தன்கூட எங்கிட்ட வந்து படுக்கல்லே. போலீஸ்ல சொன்னேன். நோயைக் கைது பண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு சிரிக்காங்க."

"உங்க ஊசிக்குப் பயந்திருப்பாங்க டாக்டர்," என்றான் ஞானசிங்.

கணபதியப்பன் எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "ஏன் சாகுதாங்கன்னு பிறகு பாப்போம். ஏன் வரல்லேன்னு முதல்ல பாப்போம். லே சிங்கு, எந்திரி."

இலுப்பையடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆடிக் காற்று அறைந்தது. மேற்கேயிருந்து கிளம்பி, மலைக்கும் மலைக்கும் நடுவில் நெருக்குண்டு, வெறி பிடித்ததுபோல் கிழக்கே ஓடுகிற காற்று. கண்ணுக்கெட்டிய வரை கன்னிப்பூ போகத்து நெல் கதிர் விட்டுப் பால் பிடித்து நின்றது. அவ்வளவு செழிப்பான வயலை ஞானசிங் பார்த்ததில்லை. அந்தச் செழிப்பில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது. பயிருக்கு மேல் ஒரு தும்பி இல்லை. வரப்பில் ஒரு கொக்கு இல்லை. தவளைச் சத்தமும் இல்லை.

பண்ணைக் காரியஸ்தர் கிருஷ்ணமணி வரப்பிலேயே எதிர்ப்பட்டார். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை, முகமெல்லாம் மரியாதை. பண்ணையார் அய்யம்பெருமாள் பிள்ளைக்கு வயதாகிவிட்டதால் விதைப்பிலிருந்து அறுப்பு வரை இவர் வைத்ததுதான் சட்டம்.

"எல்லாம் இதயம்தான் அண்ணாச்சி. என்ன செய்ய?" என்றார் அவர். பேசிக்கொண்டே கணபதியப்பனைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய் நின்றார்.

"இதயம்னு சொன்னது யாரு?"

"நாந்தான். பேப்பர்லயும் வருதே, நாடு பூரா இப்போ இதே சாவுதான்னு. நாடு பூரா உள்ளது இலுப்பையடிக்கு மட்டும் வராமப் போகுமா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லியே?"

"ரோட்டைப் பாத்தேரில்லா? குண்டும் குழியும். நெஞ்சுவலிக்காரனை ஆட்டினா இதயம் வெடிச்சிரும். அதனால வயல்ல யாரு விழுந்தாலும் பண்ணைக் காரை அனுப்பி, பைய வீட்டுல கொண்டு கெடத்தச் சொல்லியிருக்கேன். பெத்த மக்கா முகத்தைப் பாத்துட்டாவது போகட்டுமே."

தூரத்தில் காக்கிச் சட்டை போட்ட நாலு பேர் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு பயிருக்கு மருந்து அடித்தபடி போனார்கள். கணபதியப்பன் அவர்களைப் பார்க்கத் திரும்பினார். கிருஷ்ணமணியும் குடையை மாற்றிக்கொண்டு இடம் மாறி நின்றார். ஞானசிங்குக்கு அந்த மனிதர் நிலைகொள்ளாமல் சுற்றுவது எரிச்சலாக இருந்தது. அவருக்கு வழி விட்டு ஒதுங்கினான். வரப்பு வழுக்கியது. அப்படியே வாய்க்காலில் மல்லாந்து விழுந்தான்.

"இதயம் வலுவா இருக்கிறவனுக்குக் காலு சரியில்லை பாத்தேளா," என்று எழுந்தவனின் உடம்பெல்லாம் சேறு.

கடைசியாகச் செத்தவன் சுயம்பு. பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் கழியவில்லை. அவன் பெண்சாதி உலகம்மாள், ஓலைக்குடிசை வாசலில் அழுது வற்றிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். குளிரில் வெடவெடத்து நின்ற ஞானசிங்கைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையை எடுத்து வந்தாள்.

"அவரு கடைசியாப் போட்டிருந்தது. துவைச்சா அவருக்க வாடை போயிருமேன்னு அப்படியே வச்சிருந்தேன். போட்டுக்கிடும் தம்பி, காத்து ஆவாது."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. போட்டுக்கொண்டான். முதுகுப் பக்கம் துணி விறைப்பாக, எண்ணெய் காய்ந்ததுபோல் இருந்தது.

"அவருக்கு வயசென்ன?" என்று கேட்டார் கணபதியப்பன்.

"முப்பத்தி ரெண்டு. உடம்புல ஒரு பிடி சதை கெடையாது. காலையில என்கூட வழக்குப் போட்டுட்டுப் போனாரு. உச்சிக்குக் காருல கொண்டு வந்து கெடத்துகாங்க. நீ சண்டை போட்டதுலதாம்ட்டி அவனுக்கு நெஞ்சு வெடிச்சுதுன்னு காரியஸ்தரு எல்லாரும் கேக்கச் சொல்லிட்டாரு. நான் கொன்னுட்டேன் அண்ணாச்சி."

"கெடத்தினப்போ என்ன சொன்னாரு?"

"வாயில இருந்து நுரை நுரையா எச்சில் வடியுது. மேலெல்லாம் வேர்வை. ஏட்டி, இருட்டிப் போச்சே, விளக்கைக் கொளுத்தாம என்னட்டி செய்யுதேன்னு கேட்டாரு. உச்சி வெயில் அண்ணாச்சி! எமன் வந்து கண்ணை மறைச்சிட்டான்னு நான் நெலவிளிச்சு அழுதேன்."

"மத்தவங்க எப்போ செத்தாங்க?"

"போன தையில மூணு பேரு. அதுக்கு முந்தின ஆடியில ரெண்டு பேரு. அதுக்கும் முந்தின தையில ஒருத்தரு. எல்லாரும் பம்பு அடிக்கப் போனவங்கதான்."

கணபதியப்பன் வயல் பக்கம் திரும்பினார். "சிங்கு, கன்னிப்பூ பால் பிடிக்கிறது எப்போ?"

"ஆடியில."

"அடுத்த போகம், கும்பப்பூ?"

"தையில." சொன்ன பிறகுதான் ஞானசிங்குக்கு அது உறைத்தது. "அண்ணாச்சி, இந்த ஊர் நெஞ்சுவலிக்கும் ரெண்டு போகமா?"

"டாக்டர் சொன்ன நெஞ்சுவலிக்குத் தையும் தெரியாது, ஆடியும் தெரியாது. உக்காந்து சாப்பிடுத உடம்பைத்தான் அது கூடுதலாத் தேடும். இங்கே உழைச்சு உழைச்சு ஓடாப் போனவனை, அதுவும் பம்பு தூக்கினவனைப் பாத்துப் பிடிக்கு. வா, அந்த மருந்து டின்னு ஒண்ணைப் பாக்கணும்."

தென்னந்தோப்பில் ஒரு கொட்டகை. அதன் ஓரம் டின்கள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் மேலே ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். கணபதியப்பன் குனிந்து ஒன்றை உருட்டிப் பார்த்தார்.

ஞானசிங்குக்கு வேர்த்தது. அந்தக் குளிர்காற்றில் ஏன் வேர்க்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. துப்பினான், மறுபடியும் ஊறியது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. டாக்டர் பேச்சைக் கேட்ட மயக்கம் என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டான். கை அடங்காமல் துள்ளியது.

"அண்ணாச்சி, கெதியா வாருங்க. பெருமழை வரப்போகுது. இருட்டிக்கிட்டு வருதே."

கணபதியப்பன் சட்டென்று நிமிர்ந்தார். மேலே வானம் வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.

"லே, என்ன சொன்னே?"

"இருட்டுதுன்னேன்..."

அவர் ஒரே எட்டில் வந்து அவன் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினார். கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கிக் கிடந்தது. சட்டையில் மூக்கை வைத்தார். மறுகணம் பித்தான்கள் தெறிக்கச் சட்டையைக் கிழித்து எறிந்தார்.

"பூண்டு நாத்தம்! இதுல ஒரு மனுஷன் வாடையும் இல்லை. விஷம்லே, விஷம்! பம்பு ஒழுகி முதுகுல ஊறின விஷம்!"

தோப்புக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அவன் மேல் தண்ணீர் விழுந்தது. ஞானசிங் வாந்தி எடுத்தான். காலில் தசைகள் தனித்தனியாகத் துடித்தன. எங்கோ கார் சத்தம். பிறகு கிருஷ்ணமணியின் குரல், மிகவும் பரிவாக:

"அடடா, நெஞ்சுவலி! ஆட்டப்படாது அண்ணாச்சி, ஆட்டப்படாது. பக்கத்துப் பத்தயப்புரையில நெல்லு மூட்டையை ஒதுக்கிட்டுக் கெடத்துவோம்."

"அவனைக் கெடத்த எனக்கு உத்தேசம் இல்லை. காரை எடுக்கச் சொல்லும்."

கிருஷ்ணமணி ஒரு நொடி தயங்கினார். பிறகு டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "சிலுவை, ரோடு மோசம். நான் எப்பவும் சொல்லுத மாதிரி பாத்துப் போ."

கார் ஊர்ந்தது. ஞானசிங் பின் சீட்டில் கணபதியப்பன் மடியில் தலை வைத்துக் கிடந்தான். ஒவ்வொரு மூச்சும் சேற்றுக்குள்ளிருந்து காலைப் பிடுங்குவதுபோல் வந்தது. செத்துப்போன அந்த மனிதர்களும் இதே சீட்டில்தான் கிடந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. பிரதான சாலை வந்ததும் கார் வலப்பக்கம் திரும்பியது.

"நாகர்கோவில் அந்தப் பக்கம்!" கணபதியப்பன் கத்தினார்.

சிலுவை திரும்பிப் பார்க்கவில்லை. "நோயாளியை ஏத்தினா ஆஸ்பத்திரிப் பக்கமே போகப்படாதுன்னு உத்தரவு. சுத்திக்கிட்டு ஊருக்குத்தான் போணும். எனக்கும் பிள்ளை குட்டி உண்டு அண்ணாச்சி."

"எத்தனை பேரை இப்படிக் கொண்டு கெடத்தினே?"

ஞானசிங்குக்கு நாக்கு தடித்துப் போயிருந்தது. இருந்தாலும் அதைப் புரட்டினான்.

"சிலுவை அண்ணே... எனக்க வீடு மார்த்தாண்டம். வீட்டுலதான் கொண்டு கெடத்தணும்னாலும்... நாகர்கோவில் ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போணும்."

கார் குலுங்கி நின்றது. சிலுவையின் தோள்கள் குலுங்குவது ஞானசிங்குக்கு மங்கலாகத் தெரிந்தது. சிரிக்கிறானா, அழுகிறானா? "சுயம்பும் இப்படித்தான் எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்தான்," என்றான் சிலுவை. அடுத்த நொடி கார் வட்டமடித்துத் திரும்பியது. அதற்குப் பிறகு குண்டையும் குழியையும் அவன் பார்க்கவே இல்லை.

எத்தனை ஊசி போட்டார்கள் என்று ஞானசிங்குக்குத் தெரியாது. நினைவு திரும்பியபோது வாய் கட்டையாக உலர்ந்திருந்தது. மார்பிலிருந்த கயிறு அவிழ்ந்திருந்தது. கட்டிலுக்கு இருபுறமும் டாக்டரும் கணபதியப்பனும் நின்றார்கள்.

"இலுப்பையடியில இருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்த முதல் ஆள் நீதாம்ப்பா," என்றார் டாக்டர். "கண்ணைப் பாத்ததுமே எனக்கு விளங்கிட்டு. கருமணி அப்படிச் சுருங்கினா உச்சி வெயிலும் இருட்டாத்தான் தெரியும். கப்பல்ல வந்து இறங்குத புதுப் பூச்சிமருந்து. தோல் வழியாவே உடம்புல ஏறிரும்."

"ஏன் வரல்லேங்கிறதுக்கு அதுதான் பதில்," என்றார் கணபதியப்பன். "வந்திருந்தா டாக்டர் கண்ணைப் பாத்திருப்பாரு. பாத்தா தெரிஞ்சிரும். தெரிஞ்சா ஒருத்தனும் பம்பைத் தொடமாட்டான், அந்தப் பொன்னு விளைச்சலும் வராது. நாடு பூரா நெஞ்சுவலி கூடுதுன்னு கிருஷ்ணமணி பேப்பர்ல படிச்சிருக்கான். அந்தக் கூட்டத்துக்குள்ள இந்தப் பிணங்களையும் தள்ளி விட்டா யாரு தேடப் போறான்?"

"அவனுக்கும் தெரியாம நடந்திருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றான் ஞானசிங்.

"அதை வயல்ல வச்சுக் கேப்போம்."

அன்று மாலையே உலகம்மாளுக்குச் செய்தி போயிற்று. ஊரில் ஒருவரும் பம்பைத் தொடவில்லை. எழுந்து நடக்க முடிந்ததும், டாக்டர் தடுத்தும் கேளாமல், ஞானசிங் அவரோடும் கணபதியப்பனோடும் இலுப்பையடிக்குக் கிளம்பினான். இன்ஸ்பெக்டர் ஜீப்போடு வந்தார்.

வரப்பில் ஊரே கூடியிருந்தது. குடையின் கீழ் நாற்காலியில் பண்ணையார் அய்யம்பெருமாள் பிள்ளை உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணமணி சற்றுத் தள்ளி நின்றார்.

"புரளி கிளப்புகாங்க மொதலாளி," என்றார் கிருஷ்ணமணி. "அது வெறும் பூச்சி எண்ணெய். பச்சத் தண்ணி மாதிரி. மனுஷனை ஒண்ணும் செய்யாது."

கணபதியப்பன் பண்ணையாரைக் கும்பிட்டார். "ஐயா, ஒரே ஒரு காரியம் பாருங்க. மேக்கேயிருந்து காத்து அடிக்கு. உங்க நாற்காலியைக் கிழக்கே போட்டிருக்காரு. வயல் மருந்துக் காத்து முழுக்க உங்க முகத்துலதான் அடிக்கு. அவரு மேக்கே நிக்காரு. அன்னைக்கு என்கிட்டப் பேசும்போதும் சுத்திச் சுத்திக் காத்துக்கு முதுகைக் காட்டியேதான் நின்னாரு. தெரியாதவன் எந்தப் பக்கமும் நிப்பான். தெரிஞ்சவன் ஒரு பக்கம்தான் நிப்பான்."

கிழவர் தலை மெதுவாகத் திரும்பியது. "கிருஷ்ணமணி, அந்தப் பம்பை எடுத்து மாட்டிக்கோ. காத்துக்கு எதிரே ஒரு வரப்பு நடந்து காட்டு."

கிருஷ்ணமணி பம்பின் பக்கத்தில் போனார். வாரைத் தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார். அங்கேயே நின்றார். காற்று அவர் ஜிப்பாவைப் படபடவென்று அடித்தது.

"எனக்கு... நெஞ்சுவலி உண்டு மொதலாளி. பாரம் தூக்கப்படாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மாள் வந்தாள். அவள் பின்னால் இன்னும் ஐந்தாறு பெண்கள், எல்லாரும் தாலி இழந்தவர்கள்.

"நெஞ்சுவலியா? அப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்படாதே," என்றாள் அவள் அமைதியாக. "வீட்டுலதானே கெடத்தணும். வாரும்வே, நாங்க தூக்குகோம்."

அவள் சத்தம் போட்டிருந்தால் கிருஷ்ணமணி நின்றிருப்பார். அந்த அமைதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குடையைப் போட்டுவிட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடினார். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"ஏமானே, என்னைக் கொண்டு போயிருங்க. எல்லாம் சொல்லிருகேன். டின்னு எங்கே இறங்கினதுன்னு சொல்லுகேன். யார் யாருக்குப் பங்கு வச்சுக் குடுத்தேன்னும் சொல்லுகேன்."

கணபதியப்பன் முகம் மாறியது. "பங்கு வச்சியா? வேற ஊருக்கும் போயிருக்கா?"

"கணவாய்க்கு இந்தப் பக்கம் நாலு ஊரு. அந்தப் பக்கம் ரெண்டு," என்றார் கிருஷ்ணமணி. "இன்னைக்கு அங்கெல்லாம் மருந்து அடிக்கிற நாளு."

டாக்டர் ஜெபதாஸ் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏற்கெனவே ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். ஞானசிங் ஒரு வார்த்தை பேசாமல் அவர் பின்னால் ஓடினான்.